வாணவேடிக்கையும் நம் வீட்டுப் பெருநாளும்



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், அமீரகத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கிறார்கள், பெற்றோர், நம்மைப் போன்று ஓதிக்கொடுப்பவர்களிடம் வந்து கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், வாணவேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா, கூடாதா?"

இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அவ்விடையைப் பெற்றுச் செல்லும் வீட்டில் அதன்பின் என்ன நடக்கிறது என்பதையும் நாம் ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம். "கூடாது" என்ற விடையைப் பெற்ற வீட்டில், பிள்ளை அன்றிரவு போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு அதே வாணவேடிக்கையை நேரலையில் பார்க்கிறது. "போகலாம்" என்ற விடையைப் பெற்ற வீடோ பிற்பகலிலேயே புறப்படுகிறது. அஸர், மஃக்ரிப், இஷா ஆகிய மூன்று நேரத் தொழுகைகளையும் கூட்ட நெரிசலில் தவறவிடுகிறது. பின்னிரவில் திரும்பி, ஃபஜ்ரையும் தூக்கத்தில் இழக்கிறது. இரண்டு வீடுகளிலும் பிள்ளை மார்க்கத்திடமிருந்து பெற்றுக்கொண்டது எதுவுமில்லை. ஆகவேதான் இதனைச் சற்று விரித்தே எழுத எண்ணினோம்.

நாம் ஃபத்வா வழங்கும் இடத்தில் இல்லை. ஐயமுள்ளவர்கள் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வதே முறை. அரசுகள் நடத்தும் நிகழ்ச்சிகளைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதும் நம் நோக்கமன்று. வாழ வந்த நாட்டின் சட்டத்தையும் ஒழுங்கையும் மதித்து நடப்பவர்கள் நாம். இங்கே நாம் பேசுவது நம் வீட்டையும் நம் பிள்ளைகளையும் பற்றி மட்டுமே.

நபியவர்கள் காட்டிய வேடிக்கை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேடிக்கை பார்ப்பதும் மகிழ்வதும் தம்மளவில் மார்க்கத்துக்குப் பகையானவை அல்ல.

ஒரு பெருநாள் அன்று, மதீனாப் பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டிகளைக் கொண்டு வீர விளையாட்டு நிகழ்த்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களை அதனைப் பார்க்க விரும்புகிறாயா என்று கேட்டார்கள். அன்னையார் ஆம் என்றதும், தமக்குப் பின்னால் நிறுத்தித் தம் மேலாடையால் மறைத்துக்கொண்டு, அவர்கள் பார்ப்பதற்கு வழிசெய்தார்கள். அன்னையாரே சலிப்படைந்து போதும் என்று சொல்லும் வரை நபியவர்கள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. இச்செய்தியை அறிவிக்கும் அன்னையார், விளையாட்டில் நாட்டமுள்ள இளம் வயதுப் பெண்ணின் மனநிலையை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தையும் சேர்த்துக் கூறுகிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நபிமொழி இது.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, அது பெருநாள். அல்லாஹ் மகிழ்வதற்கென்றே தந்த நாள். இரண்டு, அங்கே ஹராம் எதுவும் கலக்கவில்லை. மூன்றாவதை நாம் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறோம்: வஹீயின் பொறுப்பையும் ஓர் உம்மத்தின் சுமையையும் தாங்கியிருந்த நபியவர்கள், தம் குடும்பத்தாரின் ஆசை தீரும் வரை அவசரப்படாமல் உடன் நின்றார்கள். இந்த மூன்றாவது செய்தியைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

எந்த நாளின் மகிழ்ச்சி?

அமீரகத்தில் நாம் காணும் வாணவேடிக்கைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. டிசம்பர் 2 அன்று நடப்பது, 1971-இல் அமீரகங்கள் ஒன்றிணைந்ததை நினைவுகூரும் தேசிய நாளுக்கானது. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் இரவுகளிலும் அபுதாபியிலும் துபாயிலும் வாணவேடிக்கை நடப்பதுண்டு. டிசம்பர் 31 நள்ளிரவில் நடப்பது ஆங்கிலப் புத்தாண்டுக்கானது. மூன்றையும் ஒரே கூடையில் போட்டு விடை தேடுவதால்தான் குழப்பம் வருகிறது.

பெருநாள் இரவின் மகிழ்ச்சி நம்முடையது, அதில் ஐயமில்லை. நமக்கு வேலையும் பாதுகாப்பும் அளித்த நாட்டினர் தம் நாட்டின் ஒற்றுமையை எண்ணி மகிழும் நாளில், ஒரு வேடிக்கையைத் தூரத்திலிருந்து பார்ப்பதைப் பெரும் குற்றமாக்கிப் பிள்ளைகளை அச்சுறுத்த வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். இதில் பேணுதலாக விலகி நிற்பவர்களையும் நாம் மதிக்கிறோம்.

ஆங்கிலப் புத்தாண்டின் நிலை வேறு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் அறியாமைக் காலத்தில் கொண்டாடிவந்த இரண்டு நாட்களைத் தொடர்ந்து கொண்டாடக் கண்டார்கள். அவற்றுக்குப் பகரமாக, அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை அல்லாஹ் உங்களுக்கு வழங்கியிருக்கிறான் என்று அறிவித்து, இரு பெருநாட்களையும் சுட்டிக்காட்டினார்கள். அபூதாவூதில் அனஸ் (ரழி) அவர்கள் வாயிலாக இது வருகிறது. மக்களிடமிருந்து ஒரு மகிழ்ச்சியை எடுத்தபோது, அந்த இடத்தை நபியவர்கள் வெறுமையாக விடவில்லை; அதனினும் சிறந்த மகிழ்ச்சியை அங்கே வைத்தார்கள். நாம் "கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு நகரும்போது இந்த ஹதீஸின் முற்பாதியைத்தான் பின்பற்றுகிறோம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். துபாயில் நள்ளிரவு பன்னிரண்டு மணியாகும்போது நம் ஊரில் ஒன்றரை மணியாகிவிட்டது. அங்கே அந்தப் "புத்தாண்டு" வந்து வெகுநேரமாகியிருக்கும். அந்த நொடியில் சூரியனிலோ சந்திரனிலோ மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. மனிதர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட கணக்கு அது. நம் கணக்கோ, உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17-ஆம் ஆண்டளவில் வரையறுக்கப்பட்டது. எதிலிருந்து ஆண்டைத் தொடங்குவது என்று நபித்தோழர்கள் கலந்தாலோசித்தபோது, இறுதியில் ஹிஜ்ரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். பிறந்த மண்ணை விட்டு, உறவுகளைப் பிரிந்து, வேறோர் ஊருக்குப் பயணப்பட்டதிலிருந்து நம் ஆண்டுகள் எண்ணப்படுகின்றன. வயிற்றுப் பாட்டுக்காக ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு இதில் படிப்பினை இருக்கிறது. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்கள் மதீனாவில் முதலில் கட்டியது பள்ளிவாசல். நாம் வந்த இடத்தில் எதைக் கட்டியிருக்கிறோம்?

செலவாவது எது?

வாணவேடிக்கை என்றதும் "வீண்விரயம்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று கண்டிக்கும் இறைவசனம் (17:27) நமக்கு மனப்பாடம். 2014-ஆம் ஆண்டு பிறந்த இரவில், துபாயில் ஏறத்தாழ ஆறு நிமிடங்களில் 4,79,651 வெடிகள் வானில் ஏவப்பட்டு, அது கின்னஸ் பதிவிலும் இடம்பெற்றது. கணக்கிட்டால் நொடிக்கு ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். இந்த எண்ணைக் கேட்டு நாம் தலையசைக்கிறோம். ஆனால் அந்தச் செலவு நம் பையிலிருந்து போனதன்று. அதைப் பற்றி மறுமையில் நம்மிடம் கேள்வியும் இல்லை.

நம்மிடம் கேட்கப்படவிருப்பது நம் செலவைப் பற்றி. மனிதன் தன் ஆயுளை எவ்வழியில் கழித்தான் என்று விசாரிக்கப்படாமல் மறுமையில் அவன் கால்கள் நகரா என்று திர்மிதியில் வரும் நபிமொழி எச்சரிக்கிறது. 828 மீட்டர் உயரக் கோபுரத்தின் அடியில் இடம்பிடிக்க, அஸருக்கு முன்பே குடும்பத்தோடு போய் அமர வேண்டியிருக்கிறது. அருகிலுள்ள மெட்ரோ நிலையம் மாலையிலேயே மூடப்படுகிறது. சாலைகள் ஒவ்வொன்றாக அடைக்கப்படுகின்றன. கைக்குழந்தையோடு வந்த தாய் கழிப்பறை வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கிறார். ஒளுச் செய்யவோ, தொழுதுவிட்டு வந்தால் விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்கவோ முடிவதில்லை. சில நிமிட வெளிச்சத்துக்கு எட்டு மணி நேரக் காத்திருப்பு. திரும்பும் வழியில் மேலும் மூன்று மணி நேரம். இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையே நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று புகாரியில் படிக்கிறோம்.

ஆகவே, எந்த நாளின் வேடிக்கையானாலும், அதற்காக ஒரு வேளைத் தொழுகை போகுமெனில் அங்கே போகாதீர்கள். இதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை.

மனிதரல்லாத உயிர்களையும் நினைக்க வேண்டும். நெதர்லாந்தில் வானிலை ரேடார்களைக் கொண்டு புத்தாண்டு இரவுகளை ஆராய்ந்தவர்கள், வெடி தொடங்கியதும் ஆயிரக்கணக்கான பறவைகள் உறங்கும் இடம் விட்டு மிரண்டெழுந்து, நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் இருளில் அலைவதைக் கண்டறிந்து 2011-இல் வெளியிட்டார்கள். குஞ்சுகளைப் பறிகொடுத்துப் பதறிய ஒரு சிறு பறவைக்காக, இதனைத் துன்புறுத்தியவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் செய்தவர்கள் நம் நபியவர்கள்.

ஷார்ஜா இருண்டிருந்த இரவு

2023-ஆம் ஆண்டின் இறுதியை நினைத்துப் பாருங்கள். காஸாவில் நம் சகோதரர்கள் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அவ்வாண்டு டிசம்பர் 31 இரவில், காஸா மக்களுக்கான ஆதரவின் அடையாளமாக, புத்தாண்டுக் கொண்டாட்டங்களுக்கும் வாணவேடிக்கைக்கும் ஷார்ஜா தடை விதித்தது. காவல்துறை அதனை முன்கூட்டியே அறிவித்தது. பக்கத்திலிருந்த துபாயின் வானம் வழக்கம்போல் ஒளிர்ந்தது. ஷார்ஜாவின் வானம் இருண்டிருந்தது.

வானத்தில் ஒளி தோன்றுவதும் இடிபோல் ஓசை எழுவதும் ஒரு நாட்டுப் பிள்ளைக்குக் கைதட்டும் வேடிக்கை. இன்னொரு நாட்டுப் பிள்ளைக்குத் தாயின் மடியில் முகம் புதைக்கும் அச்சம். இதனை நம் பிள்ளைகள் அறிந்து வளர வேண்டும். ஒருவன் மற்றொரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வதே ஆகுமானதல்ல என்று கற்பித்த மார்க்கம் இது. அண்டை வீட்டாரின் துக்கத்தில் நம் வீட்டுக் கல்யாணத்தின் ஓசையைக் குறைத்துக்கொள்வது நம் ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம். உம்மத் ஒரே உடல் என்று மேடைகளில் பேசுகிறோம். அந்த இரவின் இருள், பேச்சில்லாமல் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டியது.

கண்ணில் பட்டால்?

நாம் தேடிப் போகாவிட்டாலும், பல வீடுகளின் பால்கனியிலிருந்தே வாணவேடிக்கை தெரிகிறது. பிள்ளையின் கண்ணைப் பொத்த வேண்டியதில்லை. அறிவோடு பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

சிவப்பு ஒளி ஸ்ட்ரான்சியத்திலிருந்து வருகிறது, பச்சை பேரியத்திலிருந்து, மஞ்சள் சோடியத்திலிருந்து, நீலம் செம்பிலிருந்து. ஒவ்வோர் உலோகத்துக்குள்ளும் அதற்கென ஒரு நிறத்தை வைத்தவன் யார் என்று பிள்ளையிடம் கேளுங்கள். மலைகளில் வெண்மையும் செம்மையும் கருமையுமாகப் பல நிறப் பாதைகள் அமைந்திருப்பதைச் சொல்லும் குர்ஆன், அதையடுத்தே, அல்லாஹ்வை உள்ளபடி அஞ்சுவோர் அறிவுடையோரே என்கிறது (35:27, 28). ஒளி தெரிந்த நொடியிலிருந்து ஓசை கேட்கும் நொடிவரை எண்ணச் சொல்லுங்கள். மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் தூரம் தெரியும்.

வெடிமருந்தின் வரலாற்றில் நம்மவர்களுக்கும் இடமுண்டு. அதன் முதன்மைப் பொருளாகிய வெடியுப்பு சீனத்திலிருந்து அறியப்பட்டது. அதனை அரபிகள் 'சீனத்துப் பனி' என்று அழைத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹசன் அர்ரம்மாஹ், வெடியுப்பைத் தூய்மைப்படுத்தும் முறையைத் தம் நூலில் விளக்கி எழுதினார்.

தமிழ்ப் பிள்ளைக்குச் சிவகாசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து நாற்பது உயிர்கள் அளவில் பறிபோயின. வானத்தில் மலரும் எந்த வெடிக்குப் பின்னும், வெப்பத்துக்கும் உராய்வுக்கும் அஞ்சி மருந்து செலுத்திய ஒரு மனிதக் கை இருக்கிறது. இத்தனையும் தெரிந்து பார்க்கும் பிள்ளை, வாய்பிளந்து மட்டும் நிற்காது.

பிள்ளைகள் எழுதிவந்த பத்து வரி

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளிடம், கடந்த ஓராண்டில் நீங்கள் மிகவும் மகிழ்ந்த நாளைப் பற்றித் தமிழில் பத்து வரி எழுதி வாருங்கள் என்று ஒருமுறை சொன்னோம். பெரும்பாலோர் வாணவேடிக்கை பார்த்த இரவையோ, பூங்காக்களுக்குப் போன நாளையோ எழுதியிருந்தார்கள். பெருநாளை எழுதியவர்கள் இருவர். அவர்களில் ஒரு சிறுவனின் வரிகள் இவை: "தொழுதுவிட்டு வந்தோம். பிரியாணி சாப்பிட்டோம். அத்தா தூங்கினார். நான் கைப்பேசியில் விளையாடினேன். அத்தா எழுந்ததும் வேலைக்குப் போனார்." பத்து வரிக்கு அவனிடம் செய்தி இருக்கவில்லை.

வாணவேடிக்கையைப் பற்றி எழுதிய ஒரு சிறுமியிடம், அதில் உனக்கு எந்த நிறம் பிடித்தது என்று கேட்டோம். நிறம் எதுவும் நினைவில்லை என்றாள். "அன்றைக்கு அத்தா சாயங்காலம் முழுவதும் எங்களோடேயே இருந்தாங்க, ஹஜ்ரத். தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டாங்க" என்றாள்.

சகோதரர்களே, அந்தப் பிள்ளை விரும்பியது வெடியை அன்று. தன்னருகே நின்ற தந்தையை. அபிசீனியர்களின் விளையாட்டு நடந்த அன்று நபியவர்கள் செய்ததும் இதுதான்: போதும் என்று சொல்லும் வரை உடன் நின்றார்கள். நாம் அந்த நிற்பைப் புத்தாண்டு இரவுக்கு, கூட்டத்துக்கு நடுவே எட்டு மணி நேரம் கொடுக்கிறோம். பெருநாளுக்குக் கொடுப்பது பகல் தூக்கம். பிறகு, பிள்ளைகள் நம் பண்டிகையை மதிக்கவில்லையே என்று வருந்துகிறோம்.

காரணங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. உணவகத்திலும் மளிகைக் கடையிலும் வேலை செய்பவர்களுக்குப் பெருநாள்தான் மிகப் பெரிய வேலைநாள். ரமளான் முழுதும் உறக்கம் குறைந்த உடல், தொழுகை முடிந்ததும் சாய்ந்துவிடுகிறது. ஊரில் பாட்டி, பெரியம்மா, மாமி என்று தெருவெங்கும் பெருநாள் இருந்தது. தந்தை தூங்கினாலும் பிள்ளைக்குப் பெருநாள் குறையவில்லை. வட்டலப்பத்தைத் தட்டில் மூடி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பெருநாள் காசை எண்ணிக்கொண்டே திரும்பிய தெருக்கள் அவை. வெளிநாட்டு அடுக்ககத்தின் ஓரறைக் குடித்தனத்தில், தாயும் தந்தையும் செய்தால்தான் பெருநாள் உண்டு, செய்யாவிட்டால் இல்லை.

என்ன செய்யலாம்?

பணம் மிகுதியாகத் தேவைப்படாத சிலவற்றைச் சொல்கிறோம்.

ரமளான் 29 அன்று மாலை, பிள்ளைகளைக் கடற்கரைக்கோ திறந்த வெளிக்கோ அழைத்துச் சென்று மேற்கு வானில் பிறை தேடுங்கள். அறிவிப்பு எப்படியும் கைப்பேசியில் வந்துவிடும். ஆனால் கண்ணால் தேடிய பிள்ளைக்குப் பெருநாள் வானத்திலிருந்து வரும். வெடியில்லாத வானத்தையும் காட்டுங்கள்: டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிவிண்மீன்கள் பொழிகின்றன. நகர வெளிச்சத்தை விட்டுப் பாலைவனப் பக்கம் சற்றே விலகிச் சென்றால் போதும்.

ஃபித்ராவைப் பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்யுங்கள். பெருநாள் தொழுகைக்குப் பெண்களையும் சிறுமிகளையும் வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள்; தொழுகையில்லாத நாட்களில் இருக்கும் பெண்களும் தொழுமிடத்தை விட்டு ஒதுங்கி நின்று, அந்த நன்மையிலும் துஆவிலும் பங்குகொள்ள வேண்டும் என்பது நபியவர்களின் கட்டளையென உம்மு அத்திய்யா (ரழி) அறிவிக்கிறார்கள். ஒரு வழியில் போய் வேறு வழியில் திரும்புங்கள், அது சுன்னத். வழியெல்லாம் தக்பீர் முழங்கட்டும். பகலில் தூக்கம் வேண்டுமெனில் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, அஸருக்குப் பின் மாலை முழுவதையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அன்று வேலை உள்ளவர்கள் மறுநாளையோ அதற்கடுத்த நாளையோ குடும்பத்துக்கென முன்பே ஒதுக்கி வையுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த தஷ்ரீக் நாட்களும் உண்ணவும் பருகவும் இறைவனை நினைக்கவும் உரியவை என்று நபிமொழி இருக்கிறது.

குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வாழும் நம் சகோதரர்களை மறவாதீர்கள். சோனாப்பூரிலும் அல் கூஸிலும் தொழிலாளர் விடுதிகளின் மாடியில் நின்று, வாணவேடிக்கையைப் போட்டிம் அழைப்பில் மனைவி மக்களுக்குக் காட்டும் எத்தனையோ பேரை நாம் அறிவோம். அவர்களும் தந்தையரே; பிள்ளையோடு நிற்க முடியாத தந்தையர். அவர்களில் இருவரையேனும் பெருநாள் விருந்துக்கு வீட்டுக்கு அழையுங்கள். உங்கள் பிள்ளை அவர்களுக்குப் பரிமாறட்டும். பெருநாள் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்கு நாம் வேறு பாடம் நடத்தத் தேவையிருக்காது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெருநாளை மகிழ்ச்சியாக்குகிறோம் என்று, திருட்டுத்தனமாக விற்கப்படும் பட்டாசுகளைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்துவிடாதீர்கள். அனுமதியின்றிப் பட்டாசு வாங்குவதும் விற்பதும் கொண்டுவருவதும் 2019-ஆம் ஆண்டின் அமீரகக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஓராண்டுக்குக் குறையாத சிறையும் 1,00,000 திர்ஹமுக்குக் குறையாத அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. ஒவ்வொரு ரமளானிலும் காவல்துறை இதை நினைவூட்டுகிறது. தனக்கோ பிறருக்கோ தீங்கிழைத்தல் கூடாது என்ற நபிமொழியும் நம்மைத் தடுக்கிறது.

இந்த டிசம்பரிலும் பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். டிசம்பர் 31 இரவுக்குப் போக வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். காரணத்தையும் பொறுமையாகச் சொல்லுங்கள். அன்றே நாட்காட்டியை எடுத்து, வரும் நோன்புப் பெருநாள் எப்போது வரக்கூடும் என்று பார்த்து, அந்த நாளில் குடும்பமாக என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். அதில் எழுதியதை நிறைவேற்றுவது நம் பொறுப்பு.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களில் பெருநாளின் மகிழ்ச்சியை நிலைக்கச் செய்வானாக! பிரிந்து வாழும் குடும்பங்களை ஒன்றுசேர்ப்பானாக! அஞ்சி ஒடுங்கியிருக்கும் பிள்ளைகள் வானத்தை அச்சமின்றி அண்ணாந்து பார்க்கும் நாளை விரைவில் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.